ஹெக்-எச்.எம்.எஸ்.: எங்கள் ஊர் ஓடைக்கு அமெரிக்க ராணுவத்தின் கணக்கு

ஐந்துக்கு நாலு. இந்த மழை பெய்தால் ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்கிடுகிற, ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிற மென்பொருளுக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்பீர்கள். காசுதான் இல்லை. கற்றுக்கொள்ளும் நேரம் செலவு. அதைவிட, இது காட்டுகிற எண்ணை நம்பி ஓடையில் கொட்டுகிற கான்கிரீட் பெரிய செலவு. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பொதட்டூர்பேட்டையில் சின்னதாக ஒரு சர்வே ஆபீஸ் நடத்துகிறேன். லெவல் எடுப்பது, பிளான், எஸ்டிமேட் இதுதான் பிழைப்பு. பாதி வேலை இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை; மீதி எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, கார்வேட்டிநகரம். பில்லைத் தமிழில் எழுதினாலும் பேரம் பாதி தெலுங்கில்தான் நடக்கும். எங்கள் பக்கத்து வெள்ளம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது கொசஸ்தலை ஆறு. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள தரைப்பாலங்கள் முங்கும், பஸ் நிற்கும், டி.வி.க்காரர்கள் வருவார்கள். எனக்குச் சோறு போடுவது அந்த ஆறு இல்லை. மலையிலிருந்து இறங்கி, ஏதோ ஒரு ஏரியில் விழுந்து, அது நிரம்பிக் கோடி போய் (மிகைநீர் வழிகிற இடம்தான் கோடி), அடுத்த ஏரிக்கு ஓடுகிற பெயரில்லாத ஓடைகள். அவற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அளந்து எழுதிவைத்தவர் யாரும் கிடையாது.

அப்படி ஒரு ஓடையைத் தாண்டித் தோப்புக்குப் பாதை வேண்டும் என்று ஒரு மாந்தோப்புக்காரர் வந்தார். லாரி போகணும், காய் இறக்கணும். கையோடு டிசைனும் கொண்டுவந்திருந்தார்.

“ஏம்மா, நாலு அடி பைப்பு நாலு போட்டா போதாதா? பக்கத்துத் தோப்புல மூணுதான் போட்டான்.”

“அந்த மூணும் இப்ப எங்க இருக்குதுங்க ஐயா?”

“அது... போன மழையில போயிடுச்சு.”

நாலடி ஹ்யூம் பைப்பு, அதாவது 1200 மி.மீ., முழுக்க நிறைந்து விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 2.8 கன மீட்டர் கடத்தும். நாலுக்குமாகச் சேர்த்து 11. சரி, ஓடையில் வருவது எவ்வளவு? இந்தக் கேள்விக்குத்தான் ஹெக்-எச்.எம்.எஸ்.

இதைச் செய்து தருவது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் 1964 முதல் அவர்களுக்கு ஒரு நீரியல் மையம் இருக்கிறது. 1968-இல் ஹெக்-1 என்று ஒரு நிரல் எழுதினார்கள். அதன் வாரிசாக 1998-இல் வந்தது இது. லைசென்ஸ் கிடையாது, சாவி கிடையாது, இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மழையை ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் ஓடையில் நேரத்துக்கு நேரம் எவ்வளவு தண்ணீர் என்று வளைகோடு போட்டுக் கொடுக்கும்.

இதைத் திறக்கும் முன் காகிதத்தில் ஒரு சுற்றுப் போட்டுவிடுவது என் பழக்கம். நம் பக்கத்து ஆட்கள் முதலில் தொடுவது ரைவ்ஸ் சூத்திரம். மதராஸ் மாகாணத்துக்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் எழுதியது. பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதைத் தாண்டினால் 8.5, மலையடிவாரம் என்றால் 10.2. எங்கள் ஓடையின் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் ஓடி இதில் வந்து சேர்கிற பரப்பு, 12 சதுர கிலோமீட்டர். 8.5 போட்டால் விநாடிக்கு 45 கன மீட்டர், 10.2 போட்டால் 53. இந்தச் சூத்திரத்தில் மழை எங்கே வருகிறது என்று தேடாதீர்கள். வராது. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரே பதில்.

அடுத்தது ரேஷனல் முறை: மழையின் வேகம், பரப்பு, ஓடிவரும் பங்கு மூன்றையும் பெருக்குவது. ஓடையின் நீளம் 6 கிலோமீட்டர், இறக்கம் 180 மீட்டர், கிர்பிச் சூத்திரப்படி மலையுச்சியில் விழுந்த துளி பாதைக்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். 24 மணி நேரத்தில் 200 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். வானிலை ஆய்வு மையம் அதிகனமழை என்று சொல்லத் தொடங்குவது 204.5-இலிருந்து; அதற்கு ஒரு மயிரிழை கீழே. இதில் உக்கிரமான ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதற்கும் வானிலைத் துறையின் கனமூல விதி இருக்கிறது: நேரத்தை 24-ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்து 200-ஐப் பெருக்கு. 69 மி.மீ. வரும். ஓடிவரும் பங்கு 0.4 என்று எடுத்தால் 92 கன மீட்டர். ஒரே ஓடைக்கு 45-உம் 92-உம். பெரியவரின் நாலு பைப்பு இரண்டுக்குமே அருகில்கூட வரவில்லை.

இப்போது மென்பொருள். புது ப்ராஜெக்ட் திறக்கும்போதே அலகை மெட்ரிக்குக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது அடி, அங்குலம், கன அடி என்று அமெரிக்க வழக்கில் போகும். தேதியை நாள், ஆங்கில மாதத்தின் மூன்றெழுத்து, வருடம் என்று இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும். இப்படிப் பிடிவாதங்கள் சில உண்டு, பழகிவிடும். உள்ளே மூன்று அடுக்கு: நிலம் எப்படி, மழை எப்படி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ஓட்டுவது. மூன்றையும் தனித்தனியே செய்துவைத்துக்கொண்டு எந்த நிலத்தின் மேல் எந்த மழையை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். இந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய எக்செல் தாளில் ஒரு எண்ணை மாற்றினால் எது எங்கே உடைந்தது என்று தேடிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

முன்பெல்லாம் நீர்ப்பிடிப்பின் எல்லையை வேறு மென்பொருளில் வரைந்து கொண்டுவர வேண்டும். இப்போதைய பதிப்புகளில் உள்ளேயே வரையலாம். விண்கலத்திலிருந்து 2000 பிப்ரவரியில் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயர வரைபடம் இலவசம், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. தரையில் வேலை செய்யும்போது இந்தப் பக்கத்துக்கு ஒரு வருவாய்த் துறை வரைபடம், அந்தப் பக்கத்துக்குத் தெலுங்கில் இன்னொன்று, இரண்டும் எல்லைக்கல்லோடு நின்றுபோகும். உயர வரைபடத்துக்கு மாநிலம் கிடையாது. மலையுச்சி வரை ஒரே துணியாகக் கிடக்கும்.

ஆனால் இங்கேதான் நம் ஊர் ஆட்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஓடைக் கோட்டை வரைவதற்கு முன் மென்பொருள் செய்கிற முதல் வேலை பள்ளங்களை நிரப்புவது. தண்ணீர் போய் மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாத குழி எதுவானாலும் அதை வரைபடத்தின் பிழை என்று நினைத்து மட்டம் தூக்கிவிடும். அதற்குப் பிழை, நமக்கு அதுதான் ஏரி. பட்டனை அழுத்தியதும் இருபது ஏக்கர் ஏரி சத்தமில்லாமல் சமதளமாகி, ஓடைக் கோடு கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போயிருக்கும். மதகும் தெரியாது, கோடி எந்த மூலையில் என்பதும் தெரியாது. 30 மீட்டர் புள்ளியில் மூன்று மீட்டர் அகலக் கரை பிடிபடாமல் போவதும் சகஜம். இதைச் சரிசெய்யக் கணினி போதாது. லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு கரையில் நடந்து, கோடியின் மட்டம், நீளம், கரை மேல்மட்டம் எல்லாம் எடுத்து, ஏரியைத் தனி உறுப்பாக நாமே உள்ளே வைக்க வேண்டும். பாதி நட்சத்திரத்தை இங்கே குறைத்தேன். அவர்கள் ஊரில் சங்கிலியாக ஏரி வெட்டிவைக்கவில்லை என்பதற்கு அவர்களைத் திட்டிப் பயனில்லைதான்.

அடுத்து மழை. 200 மி.மீ. என்று மொத்தத்தைக் கொடுத்தால் போதாது, அது 24 மணி நேரத்தில் எப்படிப் பிரிந்து விழுகிறது என்றும் சொல்ல வேண்டும். தயாராக நாலு அமெரிக்கப் பிரிவுகள் இருக்கும்: டைப் ஒன்று, ஒன்று-ஏ, இரண்டு, மூன்று. பலர் யோசிக்காமல் இரண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது அமெரிக்க உள்நாட்டின் இடிமழைக்கு உரியது. ஒரு நாள் மழையில் சுமார் 45 விழுக்காட்டை நடு ஒரு மணி நேரத்திலேயே கொட்டிவிடும். நம் கனமூல விதிப்படி அது 35 விழுக்காடு. எங்கள் ஓடையில் 200 மி.மீ.-ஐக் கனமூல விதிப்படி பிரித்து ஓட்டினால் உச்ச வெள்ளம் 120 கன மீட்டர்; இந்த ஒரு தேர்வால் மட்டும் அது 150-ஐத் தாண்டுகிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நின்று விடிய விடிய அடிக்கிற மழைக்கும், கோடையில் மலை மேல் கட்டிக்கொண்டு அரை மணியில் கொட்டிவிட்டுப் போகிற மழைக்கும் ஒரே அச்சு பொருந்தாது. நான் மணிக்கணக்காகப் பிரித்த மழையைக் கையாலேயே உள்ளிடுகிறேன்.

அந்த 200-ஐ எங்கிருந்து எடுப்பது என்பது தனிக் கதை. பள்ளிப்பட்டு, திருத்தணி, ஆர்.கே.பேட்டை என்று அரசு மழைமானிகள் உண்டு. தினமும் காலை எட்டரைக்குப் படிப்பார்கள். ராத்திரி ஆரம்பித்து மறுநாள் பகல் வரை பெய்தால் ஒரே மழை இரண்டு நாள் கணக்கில் பாதி பாதியாக ஏறும். அதனால்தான் ஒருநாள் மழையை 24 மணி நேர மழையாக மாற்றும்போது 1.13 போன்ற ஒரு காரணியால் பெருக்குகிறோம். இன்னொன்று, மூன்று மானியும் கீழே சமவெளியில். மழை விழுவது மலையில். இதையெல்லாம் மென்பொருள் உங்களிடம் கேட்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓட்டும். 200 பெரிய எண் என்று யாராவது சொன்னால் 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததை நினைவுபடுத்துகிறேன்.

விழுந்த மழையில் எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு ஓடைக்கு என்பதற்குப் பல வழிகள் உள்ளே உண்டு. எல்லோரும் எடுப்பது சி.என். என்கிற கர்வ் நம்பர். மண், காடு, விவசாயம் பார்த்து ஒரே எண் கொடுத்தால் போதும். எளிமைதான் இதன் கவர்ச்சி. பெருமழையில் இந்த எண் கொஞ்சம் தப்பினாலும் தாங்கும்: 200 மி.மீ. மழைக்கு 65 போட்டால் 96 மி.மீ. ஓடும், 75-க்கு 125, 85-க்கு 155. சிறுமழையில் தலைகீழ். 60 மி.மீ. மழைக்கு இதே மூன்று எண்களும் 6, 15, 27 என்று கொடுக்கின்றன. அதனால் சாதாரண மழைக்கு இதை வைத்துத் தடுப்பணைக் கணக்குப் போடுபவர்கள் ஜாக்கிரதை.

சி.என். பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆரம்ப இழப்புக்கு, அதாவது ஓட்டம் தொடங்கும் முன் நிலம் பிடித்துக்கொள்கிற மழைக்கு, ஒரு பெட்டி இருக்கும். காலியாக விடலாம், விட்டால் அமெரிக்க வழக்கப்படி மண் பிடிக்கக்கூடிய மொத்தத்தில் 0.2 பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். இந்திய நடைமுறையில் பொதுவாக 0.3, ஈரக் கரிசலுக்கு 0.1. பெரிய வித்தியாசம் வராது, ஆனால் பெட்டி காலியாக இருந்தால் கணக்கு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

இதைவிட முக்கியம் மாதம். எங்கள் பக்கம் பாதை உடைவது வடகிழக்குப் பருவமழை பாதி போன பிறகு, கார்த்திகையில். ஐப்பசி மழையில் மண் ஊறி, கிணறு மேலே வந்து, ஏரிகள் தளும்பிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது சாதாரண நிலைக்கான 75-ஐப் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஈர நிலைக்கு மாற்றினால் அதே 75, 87 ஆகிறது. உச்சம் 120-இலிருந்து 150 பக்கம் போகிறது.

லேக் டைம் என்று ஒன்று, மழைக்கும் வெள்ள உச்சத்துக்கும் இடையிலான தாமதம்; வந்துசேரும் நேரத்தில் 0.6 பங்கு, எங்கள் ஓடைக்கு 36 நிமிடம். இதை இரண்டு மடங்கு ஆக்கிப் பார்த்தேன், உச்சம் 120-இலிருந்து 90-க்கு இறங்கிவிட்டது. மழையை மாற்றவில்லை, மண்ணை மாற்றவில்லை. எனவே ஓடையின் நீளத்தையும் இறக்கத்தையும் சோம்பல் படாமல் அளப்பது சி.என். பட்டியலைக் கரைத்துக் குடிப்பதற்குக் குறைந்ததில்லை. கணக்கிடும் இடைவெளி லேக் டைமில் 29 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது. எங்களுக்குப் பத்து நிமிடம். ஒரு மணி என்று விட்டால் உச்சி மொட்டையாகிவிடும்.

இந்த மென்பொருளுக்கு நான் நாலு கொடுப்பதற்கு உண்மையான காரணம் ஏரி. காகிதச் சூத்திரங்களால் இதைத் தொடவே முடியாது. கோடியின் நீளமும் கொள்ளளவும் கொடுத்து, ஏரி காலியாக இருக்கும்போது, நிறைந்திருக்கும்போது என்று இரண்டு முறை ஓட்டினேன். காலி ஏரி உச்சத்தைக் கணிசமாக விழுங்கிக்கொள்கிறது. நிறைந்த ஏரி கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வந்தது அப்படியே கோடி போகிறது. “அந்த ஏரி இருக்கிற வரைக்கும் நமக்குப் பயமில்ல” என்று தோப்புக்காரர் சொன்னது ஐப்பசி தொடக்கத்துக்குச் சரி. அப்புறம் கரை உடைந்தால் என்ன ஆகும் என்றும் ஓட்டலாம். உடைப்பு எவ்வளவு அகலம், எத்தனை நிமிடத்தில் விரியும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், அதில் ஊகம் நிறைய. இருந்தாலும் உச்சம் 200-ஐத் தொட்டதைப் பார்த்ததும் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் கோடு திடீரென்று செங்குத்தாக எழுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு, எஸ்டிமேட் தாளில் ஒரு எண்ணைப் படிப்பது வேறு.

இத்தனை எண்களில் எதை எடுப்பது? ஓடையோரம் ஒரு பம்ப்செட் ரூம் இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளம் அதன் சுண்ணாம்புச் சுவரில் சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த மட்டத்துக்குக் குறுக்குவெட்டு எடுத்து, ஓடையின் வடிவமும் சரிவும் வைத்து ஓட்டத்தைச் சொல்கிற மேனிங் சூத்திரத்தில் போட்டால் 75 கன மீட்டர் போயிருக்கிறது. ஆக 100-ஐத் தாண்டிய எண்கள் ஆகாயத்திலிருந்து வந்தவை இல்லை என்று தைரியம் வந்தது. சிறுபாலங்களுக்கான இந்தியச் சாலை காங்கிரஸின் எஸ்.பி.-13 என்ற வழிகாட்டி நூல் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது: பல முறைகளில் வந்ததில் பெரியதை எடு, ஆனால் அது அடுத்த பெரியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. மென்பொருளின் ஈர நிலை 150, வேறு முறையில் அடுத்த பெரியது ரேஷனலின் 92. ஒன்றரை மடங்கு 138. அதைத்தான் எடுத்தேன்.

138-ஐ அடியில் விடுகிற பாலம் ஒரு தோப்புக்குக் கட்டுப்படியாகாது. தரைப்பாலம் போடலாம் என்றேன்: அன்றாட ஓட்டத்துக்கு அடியில் பைப்பு, வெள்ளத்துக்கு மேலே வழி. அதே நாலு பைப்பு, ஆனால் மேலே கான்கிரீட் தளம், இரண்டு பக்கமும் ஆழமாகத் தடுப்புச் சுவர், கீழ்ப்பக்கம் அரிப்பு தாங்கக் கல் விரிப்பு. பக்கத்துத் தோப்பில் பைப்பைக் கொண்டுபோனது பைப்பின் அளவு மட்டும் இல்லை. குப்பையும் மரமும் வந்து அடைத்ததும் தண்ணீர் ஓரத்து மண்ணை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டது.

“எவ்ளோ நேரம் முங்கும்?” இதுதான் பெரியவரின் அடுத்த கேள்வி. வளைகோட்டில் 11 கன மீட்டருக்கு மேல் இருக்கிற நேரத்தை அளந்து, ஒன்பது பத்து மணி நேரம் என்றேன். மாங்காய் இறங்குவது கோடையில், வெள்ளம் கார்த்திகையில்; ஒத்துக்கொண்டார். ஐம்பது வருட மழை என்றால் ஐம்பது வருடம் கழித்து வருவது இல்லை, எந்த வருடத்திலும் வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புள்ள மழை, 25 வருடத்துக்குள் ஒருமுறையாவது வர நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று சொன்னதைத்தான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

யாருக்கு இது வேண்டாம்: ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டர், நடுவில் ஏரி இல்லை என்றால் ரேஷனலோடு நிறுத்துங்கள், பதில் ஒன்றும் மேம்படாது. 25 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய அரசு வேலை என்றால் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ளக் கணிப்புக்கான உபமண்டல அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். அதைச் செய்துவிட்டு இதை ஒப்பிடக் காட்டலாம். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று இது சொல்லாது, அதற்கு அதே மையத்தின் ஹெக்-ராஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். கையேடு ஆங்கிலம்தான், ஆனால் தொழில்நுட்பக் கையேட்டின் விளக்கங்கள் கல்லூரிப் பாடத்தைவிடத் தெளிவு. டிப்ளமோ முடித்த என் உதவியாளர் பையன் அதைப் படித்தே யூனிட் ஹைட்ரோகிராப்பை (ஓரலகு மழை ஓடினால் ஓடை காட்டும் வளைகோட்டை) புரிந்துகொண்டான். ஏரியுள்ள ஓடைகளை இப்போது அவன்தான் போடுகிறான். நான் லெவல் புத்தகத்தை மட்டும் சரிபார்க்கிறேன்.